பரண்மேல் துப்பாக்கி, காட்டில் பன்றி

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்துச் சரிவுகளில், காப்பிச் செடிகளுக்கு நடுவே மலைவாழையும் மரத்தில் படர்ந்த மிளகும் நிற்கும் தோட்டங்களில், காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவில் செய்துவிட்டுப் போகும் வேலையை விடியற்காலையில் பார்த்தவர்களுக்குத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எங்கிருந்து தொடங்குகிறது என்று விளக்க வேண்டியதில்லை. வாழைக்கன்றுகள் அடிக்கிழங்கோடு பெயர்ந்து கிடக்கும். ஏர் ஓட்டியதுபோல் மண் புரண்டிருக்கும். தின்றதைவிட மிதித்து வீணாக்கியதே அதிகம் இருக்கும். மேல்மலையில், மன்னவனூர், கூக்கால், பூம்பாறைப் பக்கத்து உருளைக்கிழங்குக் காடுகளிலும் கதை இதுதான். அங்கே காட்டுமாடும் சேர்ந்துகொள்ளும். தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார்கள், தகரம் தட்டுகிறார்கள், காவல் குடிசையில் டார்ச் விளக்கோடு மாறி மாறி விழித்திருக்கிறார்கள். சேலையின் நிறமும் வாடையும் சில வாரங்களில் பன்றிக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகுதான் சிலர் பரணில் சாக்குச் சுற்றி வைத்திருக்கும் பொருளை இறக்குகிறார்கள்.

அந்தப் பொருள் பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கி. கரிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் குழலின் வாய்வழியே இடித்து நிரப்ப வேண்டிய பழைய வகை. இதன் அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவை உருவி எடுத்துத் தனியே வைத்துவிடலாம். வாய்வழி நிரப்பிய துப்பாக்கியைக் காலி செய்வதற்கு எளிய வழி அதைச் சுட்டுத் தீர்ப்பதுதான். பன்றி வரும் நொடியில் நிரப்ப நேரம் இருக்காது என்பதால் மாலையிலேயே நிரப்பி வைக்கப்படுகிறது. பன்றி வராத இரவு முடிந்ததும் அப்படியே சாக்கில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போய்விடுகிறது. ஆக, காவல் குடிசையிலோ வீட்டிலோ இருக்கும் நாட்டுத் துப்பாக்கி நிரப்பிய நிலையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். துப்பாக்கி வன்முறையைக் குறைப்பது பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை இந்த மலைகளுக்குப் பொருத்திப் பார்க்கும்போது, இந்தச் சிறிய இயந்திர உண்மையை மறந்துவிடக் கூடாது.

துப்பாக்கி வன்முறை என்ற சொல் செய்தித்தாளில் வந்தால் நம் மனதில் அமெரிக்கப் பள்ளிக்கூடமும் முகமூடி அணிந்த இளைஞனும் வருகிறார்கள். அந்த நாட்டின் கணக்கையே எடுத்துப் பார்த்தாலும் படம் வேறாக இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 54 விழுக்காட்டினர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கூட்டத்தைப் பார்த்துச் சுட்டுத் தள்ளும் நிகழ்வுகளில் இறப்பவர்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கினர். நம் மலைகளிலும் துப்பாக்கியால் நேரும் கேடு கும்பல் சண்டையாக வருவதில்லை. இருட்டில் அசைந்தது பன்றி என்று எண்ணிச் சுட்டு, கூட வந்தவர் மேலேயே குண்டு பாய்வது. மருந்தை இடிக்கும்போது வெடித்துக் கை சிதைவது. வரப்புத் தகராறோ குடித்துவிட்டு வந்த வாய்ச்சண்டையோ பரண்வரை போய்விடுவது. கடமானையும் கேளையாட்டையும் இறைச்சிக்காக வீழ்த்துவது. யாரும் பேச விரும்பாத தற்கொலை. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், நிரப்பிய துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பது அவை எல்லாவற்றுக்கும் பொது.

இந்தப் பொதுவான அம்சத்தைத்தான் ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் கணிசமான காலம் வீணாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் துப்பாக்கி இருப்பது அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1993-இல் ஓர் ஆய்வு வெளியானது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ பரப்பவோ அரசின் நோய்த்தடுப்பு மையம் பணம் செலவிடக் கூடாது என்ற நிபந்தனையை அமெரிக்க நாடாளுமன்றம் 1996-இல் விதித்தது. ஆய்வையே தடைசெய்கிறோம் என்று அதில் எழுதப்படவில்லை. ஆனாலும் அதிகாரிகள் அஞ்சியதால், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பணத்தில் இந்தத் துறையில் ஆய்வு அநேகமாக நின்றுபோனது. 2019-இன் இறுதியில்தான் இரண்டரைக் கோடி டாலர் மறுபடியும் ஒதுக்கப்பட்டது. இன்றும் பல கேள்விகளுக்கு உறுதியான விடை இல்லாமல் இருப்பதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம்.

இருக்கும் விடைகளில் மிகத் தெளிவான ஒன்று இஸ்ரேலிலிருந்து வருகிறது. அங்கே கட்டாய ராணுவப் பணியில் இருக்கும் இளைஞர்கள் வார விடுமுறைக்கு வீடு திரும்பும்போது துப்பாக்கியையும் எடுத்துச் செல்வது வழக்கமாக இருந்தது. படைக்குள் தற்கொலைகள் கவலையளித்ததால், 2006-இல் ஒரேயொரு மாற்றம் செய்தார்கள்: விடுமுறைக்குப் போகிறவர் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அதன்பின் படைவீரர்களின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. குறைந்ததில் பெரும்பகுதி வார விடுமுறை நாள்களில் துப்பாக்கியால் நேர்ந்த இறப்புகள். மற்ற நாள்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அந்த இளைஞர்களின் மனச்சுமை சனிக்கிழமைகளில் மட்டும் குறைந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. துப்பாக்கி எட்டாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்து 2003-இல் தன் படையின் அளவைப் பாதியாகக் குறைத்தபோதும், அதனால் ஏராளமான வீடுகளிலிருந்து படைத் துப்பாக்கிகள் வெளியேறியபோதும், அந்த வயது ஆண்களிடையே தற்கொலை குறைந்தது. துப்பாக்கி கிடைக்காததால் வேறு வழிக்குப் போனவர்கள் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவார்கள் என்று அங்கே கணக்கிட்டார்கள்.

“சாக நினைத்தவன் எப்படியும் சாவான்” என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லிவிடுவோம். நமக்கு மிக அருகிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. இலங்கையில் 1995-இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது, பெரும்பாலும் பூச்சிமருந்து. அந்த ஆண்டிலும் 1998-இலும் மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட மருந்துகளை அரசு தடைசெய்ததும், பத்தே ஆண்டுகளில் அந்த விகிதம் பாதியானது. மக்கள் மருந்தடிப்பதை நிறுத்திவிடவில்லை, விளைச்சலும் சரிந்துவிடவில்லை. கொல்லும் திறன் குறைந்த மருந்து கையில் இருந்ததால், அதைக் குடித்தவர்களில் பலர் பிழைத்தார்கள். துப்பாக்கியோ இந்த அளவுகோலில் எல்லாவற்றையும் விடக் கொடியது. அதனால் முயல்பவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. கோபமோ துயரமோ தலைக்கேறிய அந்தப் பத்து நிமிடங்களில் கை எதைத் தொடுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்றால், அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க உதவும் எந்த ஏற்பாடும் பயனுள்ளதுதான்.

ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2018 முதல் இந்தத் துறை ஆய்வுகளைச் சலித்து, எந்தச் சட்டத்துக்கு எவ்வளவு வலுவான சான்று இருக்கிறது என்று வரிசைப்படுத்தி வருகிறது. பெரும்பாலான சட்டங்களுக்கு அதன் தீர்ப்பு “சான்று போதவில்லை” என்பதே. போதுமான சான்று உண்டு என்று அது ஒப்புக்கொண்டவற்றில் முதன்மையானது, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பூட்டி வைக்க உரிமையாளரைப் பொறுப்பாக்கும் சட்டம். அது சிறுவர்களின் தற்கொலையையும் தவறுதலாகச் சுட்டுக்கொள்வதையும் குறைக்கிறது. துப்பாக்கியைக் காலியாக வை, பூட்டி வை, தோட்டாவை வேறிடத்தில் வை என்ற மூன்று வரி அறிவுரையின் நோக்கமும் இதுவே. இங்கேதான் நான் முதலில் சொன்ன இயந்திரச் சிக்கல் குறுக்கே வருகிறது: சுடாமல் எளிதில் காலி செய்ய முடியாத துப்பாக்கி, ஒளித்து வைக்க வேண்டியதால் பூட்ட முடியாத துப்பாக்கி. உரிமம் இல்லாத பொருளுக்கு யாரும் இரும்புப் பெட்டி வாங்கமாட்டார்கள். சட்டத்துக்குப் புறம்பாக இருப்பதாலேயே அது பாதுகாப்பற்ற இடத்தில் கிடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதாவது, மலைவிவசாயியின் பரணில் இருக்கும் அதே வகையைத்தான். ஆனால் 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியைத் தன் விருப்பத்துக்குச் சுட முடியாது. ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி தருகிறது. மற்றொன்று பயிரைத் தின்னும் விலங்கைச் சுடாதே என்கிறது. இரண்டையும் மதிப்பவர் வானத்தைப் பார்த்துச் சுடலாம். இரண்டு சட்டங்களுக்கும் நியாயம் உண்டு, நான் அதை மறுக்கவில்லை. பொழுதுபோக்கு வேட்டை கட்டுமீறியதால் நீலகிரியில் 1879-இலேயே வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. வரையாடு அழிவின் விளிம்புவரை போனது அந்தக் காலத்துத் துரைமார் துப்பாக்கிகளால்தானே ஒழிய, கிழங்குக்காட்டுக் காவல்காரரால் அல்ல. 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. கள்ளத்தனமாகச் செய்து விற்பவருக்குக் குறைந்தது ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறை என்றானது. உரிமம் உள்ளவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதைவிட இந்த இரண்டாவது மாற்றமே நமக்கு முக்கியம் என்பது என் கணிப்பு; ஏனெனில் இந்த நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமில்லாத துப்பாக்கிகளால் நடப்பவை.

மலையோர மாவட்டங்களில் காவல் துறையும் வனத்துறையும் எடுக்கும் வழக்கமான நடவடிக்கை, குறிப்பிட்ட நாளுக்குள் தாமாக ஒப்படைப்பவர்கள்மீது வழக்கு இல்லை என்ற அறிவிப்பு. ஊர்ப் பெரியவர்கள் வழியாகத் துப்பாக்கிகள் வந்து சேரும். மேசைமேல் வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், துருவேறிய குழலும் கறையான் அரித்த கட்டையும், சுட்டால் சுட்டவருக்கே ஆபத்தான நிலையில் இருப்பவையும் நிறைய இருக்கும். இதில் வியப்பில்லை. அமெரிக்க நகரங்களில் துப்பாக்கியைக் கொடுத்தால் பரிசுச் சீட்டு தருகிறோம் என்று நடத்திய முகாம்களைப் பற்றிய ஆய்வுகளும் இதையே காட்டின: உடைந்தவையும், தாத்தா விட்டுப்போனவையும் வந்தன, ஆபத்தானவை வீட்டிலேயே இருந்தன, குற்றங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஆஸ்திரேலியாவில் மட்டும் எப்படிப் பலித்தது என்ற கேள்வி வரும். 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சில நாள்களிலேயே மாநிலங்கள் எல்லாம் ஒரே உடன்படிக்கைக்கு வந்தன. விரைந்து அடுத்தடுத்துச் சுடும் நீள் துப்பாக்கிகள் ஒரு வகையாகவே தடைசெய்யப்பட்டன. வைத்திருந்தவர்களுக்குச் சந்தை விலை கொடுக்கப்பட்டது. அந்தப் பணத்துக்காக நாடு முழுவதும் ஒருமுறை கூடுதல் வரி விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகள் அழிக்கப்பட்டன. மீதமுள்ளவற்றுக்குப் பதிவும் காத்திருப்புக் காலமும் வந்தன. தற்கொலைகள் வேகமாகக் குறைந்தன என்பதில் ஆய்வாளர்களிடையே ஓரளவு உடன்பாடு உண்டு. கொலைகள் அதற்கு முன்பே குறைந்துகொண்டிருந்ததால், அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஓயவில்லை. விலையும், முழு வகைத் தடையும், மறுபடி வாங்கும் வழியை அடைத்ததும் சேர்ந்து செய்த வேலை அது. நம் மலைகளில் ஒப்படைப்பவருக்கு விலையும் இல்லை, அவர் மறுபடி வாங்கும் வழி அடைபடவும் இல்லை, துப்பாக்கி வாங்க வைத்த காரணம் அப்படியே தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

வாங்கும் வழியை அடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கனெக்டிகட், மிசௌரி என்ற இரு அமெரிக்க மாநிலங்கள் எதிரெதிர்ச் சான்றாக நிற்கின்றன. முன்னது 1995-இல் கைத்துப்பாக்கி வாங்கக் காவல் துறையின் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. பின்னது அதே போன்ற பழைய சட்டத்தை 2007-இல் நீக்கியது. முன்னதில் துப்பாக்கிக் கொலைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தன, பின்னதில் கூடின. நமக்கு இணையான வேலை, சிறு பட்டறைகளில் ரகசியமாகக் குழல் கடைபவர்களையும், கரிமருந்து கைமாறும் இடங்களையும் தேடிப் பிடிப்பதாகும். பரணில் ஒளித்தவரைப் பிடித்தால் ஒரு துப்பாக்கி போகும். செய்பவரைப் பிடித்தால் ஒரு பள்ளத்தாக்குக்கே வரத்து நிற்கும். மருந்து இல்லாத நாட்டுத் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்.

பாஸ்டன் நகரில் 1990-களின் நடுவில், சுடுவதற்குத் துணியும் சிறு எண்ணிக்கையிலான இளைஞர்களை நேரில் அழைத்து, காவல் துறையும் தேவாலயத்தாரும் உதவி மையங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, இளைஞர் கொலைகளை 63 விழுக்காடு குறைத்த திட்டம் உலகப் புகழ் பெற்றது. கும்பல்களே இல்லாத நம் சரிவுகளுக்கு அதில் எடுத்துக்கொள்ள அதிகமில்லை. பிலடெல்பியாவில் செய்ததோ வேறு. குப்பை மண்டிக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். குலுக்கல் முறையில் மனைகளைத் தேர்ந்து ஒப்பிட்டபோது, வறுமைக் கோட்டுக்குக் கீழான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. யாரையும் கைது செய்யவில்லை, யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, இடத்தை மாற்றினார்கள். வேலி என்ற சொல்லைக் கேட்டதும் மலைவிவசாயிக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும்.

ஏனெனில் துப்பாக்கியை மட்டும் எடுத்துவிட்டால் பன்றிக்காவலில் அடுத்து வருவது எது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். சுருக்குக் கம்பி வரும். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் வரும். மின்கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போட்டு இழுத்த கம்பி வரும். அவுட்டுக்காய் யானைக்கன்றின் வாயையும் மேய்ச்சல் மாட்டின் தாடையையும் சிதைத்திருக்கிறது. கள்ள மின்வேலி பன்றியோடு யானையையும், இருட்டில் நடந்த மனிதரையும் கொன்றிருக்கிறது. தற்கொலையில் ஒரு வழி அடைபட்டால் பெரும்பாலோர் வேறு வழி தேடுவதில்லை என்று மேலே பார்த்தோம். அந்த நேரம் கடந்துபோவதால் அப்படி. பன்றியோ நாளை இரவும் வரும். ஆகவே இங்கே மாற்று வழி தேடப்படுவது உறுதி. அந்த மாற்று துப்பாக்கியைவிடக் கொடியதாகவும் இருக்கலாம். மின்வேலிகளைப் பதிவு செய்து, குறைந்த துடிப்பு மின்சாரத்தை மட்டும் அனுமதிக்கும் விதிகளைத் தமிழக அரசு 2023-இல் கொண்டுவந்தது இந்த நோக்கில் சரியான திசை. முறையான சூரிய மின்வேலிக்கு மானியமும், அதைப் பழுதுபார்க்க ஆளும் கிடைக்கும் இடத்தில், பரணுக்கு ஏறும் தேவையே குறைகிறது.

கேரளம் 2022-இல் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கொடுத்தது. தமிழகம் 2025 தொடக்கத்தில் வேறு வழியைத் தேர்ந்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயியின் கையில் துப்பாக்கியைத் தராமல் துறையின் கையிலேயே வைத்திருப்பது, இதுவரை பார்த்த சான்றுகளோடு ஒத்துப்போகிறது. ஆனால் இந்தக் கிலோமீட்டர்க் கணக்கு சமவெளிக்காரர் போட்ட கணக்கு. கொடைக்கானல் மலையில் 2013-இல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஊர்களும் தோட்டங்களும் காட்டுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் அப்படித்தான். பலருக்குக் காப்புக்காடு வரப்பிலேயே தொடங்குகிறது. அவர்கள் யாருக்கும் மூன்று கிலோமீட்டர் என்ற தொலைவே கிடையாது. அவர்களுக்கு வேலியும், தாமதமில்லாத பயிரிழப்பீடும்தான் துப்பாக்கிக் குறைப்புத் திட்டம். அரசாணையில் அதற்கு வேறு தலைப்பு இருந்தாலும்.

உரிமம் பெற்ற துப்பாக்கிகள் விஷயத்தில் ஓர் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் அந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். வாரக்கணக்கில் அந்த வீடுகளில் துப்பாக்கி இருப்பதில்லை. இஸ்ரேல் முகாம்களில் சனிக்கிழமைகளில் நடந்ததுதான் இது, காரணம் மட்டும் வேறு. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் உள்ளவர்கள் விளைச்சல் இல்லாத காலம் முழுவதும் நிலையத்தில் வைத்துவிட்டு, காவல் தொடங்கும்போது எடுத்துக்கொள்ளும்படி செய்தால் புதிதாகச் சட்டம் எழுத வேண்டியதில்லை. பதிவேடும் அறையும் போதும்.

உரிமமில்லாதவற்றுக்கும் காலம் பார்த்துத்தான் போக வேண்டும். ஒப்படைப்பு அறிவிப்புகள் பெரும்பாலும் எங்காவது ஒரு சம்பவம் நடந்த மறுவாரம் வருகின்றன. அது கிழங்கு மண்ணுக்குள் திரண்டுகொண்டிருக்கும் வாரமாக இருந்தால், வருவது கறையான் அரித்த கட்டைகள்தான். அறுவடை முடிந்து, மூட்டைகள் வண்டி ஏறி, காவல் குடிசையின் ஓலை காற்றில் பிரிந்து கிடக்கும் நாள்களில், வேலிக்கான மானிய விண்ணப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, வழக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு கேட்டால், அந்த மேசைமேல் வேறு மாதிரித் துப்பாக்கிகள் வந்து சேரக்கூடும். வருகிறவற்றில் எத்தனை நிரப்பிய நிலையில் வருகின்றன என்பதையும் அப்போது யாராவது எண்ணிக் குறித்து வைக்கலாம்.